கிண்டியில் பிறந்த வரைபடம்

1922-ல் எர்ணாகுளத்தில் பிறந்த ஜி.என். ராமச்சந்திரன் அவர்கள், 1952-ல் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைத் தலைவரானார். ஆவடியிலிருந்து ரயில், பஸ் மாறி நாம் போய்விடக்கூடிய அதே கிண்டி வளாகம்தான் நண்பர்களே!

தோலிலும் எலும்பிலும் உள்ள கொலாஜன் புரதம் மூன்று இழை முறுக்கிய கயிறு போன்றது என்று, எக்ஸ்ரே படங்களை வைத்து 1954-ல் கோபிநாத் கர்த்தாவுடன் சொன்னார். அணுக்கள் அவ்வளவு நெருங்காது என்று டி.என்.ஏ. புகழ் கிரிக்கும் ரிச்சும் மறுத்தார்கள். மனுஷர் விடவில்லை. எவ்வளவுதான் நெருங்கும் என்று, ஏற்கெனவே ஆராய்ந்த படிகங்களின் அளவுகளையெல்லாம் தேடிப் பார்த்தார். ராமகிருஷ்ணன், சசிசேகரனோடு சேர்ந்து ஒவ்வொரு கோணமாகத் திருப்பிக் கணக்குப் போட்டார். கம்ப்யூட்டர் ஏது? மேஜைக் கால்குலேட்டர்தான்!

1963-ல் வெளிவந்தது ராமச்சந்திரன் வரைபடம். புரதச் சங்கிலி எந்தக் கோணத்தில் திரும்பும், எதில் முட்டிக்கொள்ளும் என்பதெல்லாம் இரண்டே அச்சில்! 2001-ல் சென்னையில் மறைந்தார். இன்றும் எந்த நாட்டு லேபில் புரத அமைப்பைக் கண்டாலும் இந்தப் படத்தில் புள்ளி வைத்துப் பார்க்கிறார்கள். புள்ளிகள் எல்லை தாண்டினால், சோதனையை மறுபடி பார்க்க வேண்டியதுதான்.