போரில் விழுந்தோருக்கான செபமும் புனித ஜெரோமும்

மலையகத்திலிருந்து வன்னிக்குப் போய்ப் போரில் பிள்ளைகளை இழந்தவர்களை ஊவாத் தோட்டங்களில் சந்தித்திருக்கிறேன். கல்லறைகூட இல்லாத அந்தப் பிள்ளைகளுக்காகப் பதுளைக் கத்தோலிக்கர் நவம்பர் 2இல் செபிக்கிறார்கள். போரில் விழுந்தோருக்கான செபத்தைச் சொல்வது மக்கபேயர் இரண்டாம் நூல். அதைத் திருமுறைக்கு வெளியே வைத்தவர், விவிலியத்தை லத்தீனில் தந்த புனித ஜெரோம்.

அவரும் போர் கண்டவர்தான். பிறந்த ஊரான ஸ்திரிதோனைக் கோத்தியர் அழித்தனர். 382இல் உரோமைக்குச் சென்றார். பாப்பரசர் தமாசு கேட்டபடி நற்செய்திகளைத் திருத்தினார். பின்னர் பெத்லகேமில் எபிரேய மூலத்தையே நம்பி, அதில் இல்லாத நூல்களை ஒதுக்கினார். அகுஸ்தீனார் உடன்படவில்லை, 397இல் கார்த்தேஜ் சங்கம் அவற்றை ஏற்றது. 410இல் உரோமை வீழ்ந்தபோது, பெத்லகேம் வந்த அகதிகளுக்காக எழுத்தை நிறுத்திவைத்தார். 420இல் மறைந்தார்.

1546இல் திரெந்துச் சங்கம் அந்நூல்களையும் உறுதிசெய்தது. இறந்தோரை மறக்க முடியாதவர்களின் செபம் அப்படித்தான் நிலைத்தது என்று எனக்குப் படுகிறது.