அண்டை வீட்டாரின் அமானிதம்: மொரோக்கோ மன்னர் ஐந்தாம் முஹம்மத்



மொரோக்கோ நாட்டில் நெடுங்காலமாக ஒரு வழக்கம் இருந்து வந்தது. அந்நாட்டு யூதர்களின் பஸ்கா பெருநாள் எட்டு நாட்கள் நீடிக்கும். அந்நாட்களில் புளித்த மாவோ, புளிக்கக்கூடிய தானியமோ தங்கள் இல்லத்தில் இருத்தலாகாது என்பது அவர்களின் மார்க்கச் சட்டம். ஆகவே பெருநாளுக்கு முன்பே, எஞ்சிய மாவையும் தானியத்தையும் அண்டையிலுள்ள முஸ்லிம் வீட்டாரிடம் பலர் ஒப்படைத்துவிடுவர். பெருநாள் முடிந்து அந்தி சாய்ந்ததும், அந்த முஸ்லிம் வீட்டார் மாவு, பால், வெண்ணெய், தேன் ஆகியவற்றைத் தட்டுகளில் ஏந்தி யூதரின் வாசலுக்குச் செல்வர். அன்றிரவு யூதர்களின் வீட்டுக் கதவுகள் அடைக்கப்படமாட்டா. வந்தவர் யாவர்க்கும் இனிப்பு பரிமாறப்படும். அந்த இரவுக்கு மைமூனா என்று பெயர்.

ஒரு படி மாவை எட்டு நாட்கள் காத்துத் திருப்பித் தருவது எளிய காரியமே. ஆனால் அதே அண்டை வீட்டாரின் உயிரையும் மானத்தையும் பிழைப்பையும் காக்க வேண்டிய நாள் வந்தால், அந்த அமானிதத்தை எத்தனை பேர் பேணுவர்? இக்கேள்விக்குத் தம் வாழ்நாளில் விடை சொல்ல நேர்ந்தவர் மொரோக்கோ மன்னர் ஐந்தாம் முஹம்மத் ஆவார். அன்னாரின் வரலாற்றைச் சற்றே அறிந்து கொள்வோம்.

ஹிஜாஸிலிருந்து தொலைதூரம் மேற்கே, அட்லாண்டிக் கரையில் அமைந்த நாடு மொரோக்கோ. அந்நாட்டின் அறிவுத் தலைநகர் ஃபாஸ் மாநகரம். கி.பி. 859இல் பாத்திமா அல்ஃபிஹ்ரி என்னும் பெருமாட்டி நிறுவிய கரவிய்யீன் பள்ளிவாசல் இந்நகரில்தான் உள்ளது. 1492இல் ஸ்பெயினின் கிறித்தவ அரசு யூதர்களை நாடு கடத்தியபோது, அடைக்கலம் தேடி வந்தவர்களில் பலர் ஃபாஸில் குடியேறினர். யூதர்கள் வாழ்ந்த பகுதிக்கு மல்லாஹ் என்று பெயர். அது அரண்மனையை ஒட்டியே அமைந்திருந்தது.

உண்மையை மறைத்தல் ஆலிமுக்கு அழகன்று. அந்நாட்டில் யூதர்களின் வாழ்வு எக்காலத்தும் இன்பமாகவே இருந்ததென்று கூறிவிட இயலாது. மல்லாஹை விட்டு வெளியே வருங்கால் காலணியைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நடக்க வேண்டுமென்ற இழிவான விதி ஃபாஸில் பல காலம் இருந்தது. கலகக் காலங்களில் மல்லாஹ் சூறையாடப்பட்டதும் உண்டு. இஸ்லாம் கொடுத்த பாதுகாப்பு உறுதிமொழியைச் சில ஆட்சியாளர்கள் காத்தனர்; சிலர் காற்றில் பறக்கவிட்டனர்.

முஹம்மத் இப்னு யூஸுஃப் 1909ஆம் ஆண்டு ஆகஸ்டு 10ஆம் நாள் இந்த ஃபாஸ் நகரில் பிறந்தார். அலவி அரச மரபினர் அன்னார். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் பேரர் ஹஸன் (ரலி) அவர்களின் வழித்தோன்றல்கள் என்று அம்மரபினர் போற்றப்படுவர். குழந்தைக்கு இரண்டு வயது நிரம்பியிருந்தபோது, 1912 மார்ச்சில், நாடு பிரெஞ்சுக்காரரின் பாதுகாப்பு ஆட்சி என்னும் நுகத்தடியின்கீழ் வந்தது. அடுத்த மாதமே ஃபாஸில் படைவீரர்கள் கிளர்ந்தெழுந்தனர். அந்தக் கொந்தளிப்பில் கும்பல் ஒன்று மல்லாஹுக்குள் புகுந்து கொள்ளையிட்டது. ஐம்பதுக்கும் மேற்பட்ட யூதர் மாண்டனர். வீடிழந்த ஆயிரக்கணக்கானோர்க்குச் சிறுவரின் பெரிய தந்தையான சுல்தான் அப்துல் ஹஃபீழ் அரண்மனைத் தோட்டத்தைத் திறந்துவிட்டார். இடம் போதாமையால், விலங்குகளுக்கென அமைந்த கூண்டுகளில்கூடக் குடும்பங்கள் தங்கியிருந்தன. வாசகர்களே! ஒரே வாரத்தில், ஒரே நகரில், கொள்ளையிட்ட கையும் கதவைத் திறந்த கையும் முஸ்லிம்களின் கைகளே என்பதைக் கருத்தில் கொள்ளுங்கள்.

பின்னர்த் தந்தை மௌலாய் யூஸுஃப் அரியணை ஏறினார். அன்னார் 1927 நவம்பரில் மறைந்தபோது, மூத்த மக்களை விடுத்து, பதினெட்டே வயதான இளைய மகனைப் பிரெஞ்சுக்காரர் தேர்ந்தெடுத்தனர். வாய் திறவாத இவ்விளைஞர் சொன்னபடி கேட்பார் என்பது அவர்களின் கணக்கு. தொடக்கத்தில் அக்கணக்கு பொய்க்கவில்லை. 1930இல், பர்பர் குலத்தாரை ஷரீஅத் நீதிமன்றங்களிலிருந்து பிரிக்கும் ஆணை ஒன்றை அவர்கள் நீட்ட, இளம் சுல்தான் முத்திரையிட்டார். மக்களோ பள்ளிவாசல்களில் கூடி, பேரிடர்க் காலங்களில் ஓதும் யா லத்தீஃப் திக்ரை முழங்கினர். அந்த ஒலி நாடெங்கும் பரவியது. பிறர் எழுதிய ஆணையில் தம் முத்திரை விழும்போது அதன் பாரம் யார்மீது விழுகிறதென்பதை அன்னார் அன்று கண்டார்.

இனி, சோதனைக் காலத்திற்கு வருவோம். 1933இல் ஜெர்மனியில் ஹிட்லர் ஆட்சியைக் கைப்பற்றியபின், யூதராய்ப் பிறந்ததே குற்றம் என்னும் கொடிய கொள்கை ஐரோப்பாவெங்கும் தலைதூக்கியது. 1940 ஜூனில் பிரான்ஸ் ஜெர்மனியிடம் வீழ்ந்தது. விஷி நகரில் அமைந்த பிரெஞ்சு அரசு, ஹிட்லரின் வழியைப் பின்பற்றி, அவ்வாண்டு அக்டோபர் 3ஆம் நாள் யூதர்களுக்கு எதிரான சட்டம் இயற்றியது. அண்டை நாடான அல்ஜீரியாவில், 1870 முதல் பிரெஞ்சுக் குடிமக்களாய் இருந்த யூதர்களின் குடியுரிமை ஒரே ஆணையால் பறிக்கப்பட்டது.

மொரோக்கோவின் நிலை வேறு. அங்கு இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட யூதர் வாழ்ந்தனர். அவர்கள் பிரெஞ்சுக் குடிமக்கள் அல்லர், சுல்தானின் குடிமக்கள். சட்டத்தை எழுதும் அதிகாரம் பிரெஞ்சு உயர் பிரதிநிதி தளபதி நோகேஸிடம் இருந்தது. ஆயினும், சுல்தானின் முத்திரையின்றி அது செல்லாது. ஆணை நீட்டப்பட்டது. 1940 அக்டோபர் 31ஆம் நாளிலும், மீண்டும் 1941 ஆகஸ்டு 5ஆம் நாளிலும் சுல்தான் முத்திரையிட்டார்.

ஆம், முத்திரையிட்டார். அன்னாரைப் புகழும் நூல்கள் சில இதனைச் சொல்லாமல் கடந்து செல்கின்றன. நாம் கடந்து செல்லலாகாது. அந்த ஆணைகளால் யூதர்கள் அரசுப் பணியை இழந்தனர். பல தொழில்கள் அவர்களுக்கு மறுக்கப்பட்டன. மருத்துவர், வழக்கறிஞர் எண்ணிக்கைக்கு நூற்றுக்கு இரண்டு என வரம்பு வந்தது. அவர்களும் அவர்தம் உடைமைகளும் கணக்கெடுக்கப்பட்டன. நகரின் ஐரோப்பியர் பகுதியில் குடியேறியிருந்த பலர் மீண்டும் மல்லாஹுக்குத் துரத்தப்பட்டனர். பெயர்களை எழுதிப் பட்டியல் போடும் அரசு நாளை அப்பட்டியலை எதற்குப் பயன்படுத்தும் என்று எண்ணி எத்தனை தாய்மார் உறக்கமின்றிக் கிடந்திருப்பர்!

அப்படியாயின் அன்னார் செய்ததுதான் என்ன? இயன்ற இடத்தில் எல்லாம் அச்சட்டத்தின் கூர்மையை மழுக்கினார். பிரெஞ்சுச் சட்டம் பாட்டனார் வழி பார்த்து, இரத்தத்தைக் கொண்டு யூதர் யாரெனத் தீர்மானித்தது. மொரோக்கோ யூதர்களைப் பொறுத்தமட்டில் ஆணையோ மார்க்கத்தைக் கொண்டே வரையறுத்தது. குலப் பிறப்பைக் குற்றமாக்குவது இஸ்லாத்துக்கு முரண் என்பதால் சுல்தான் தரப்பு வற்புறுத்திய மாற்றம் இது என்று ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். மரபான கைத்தொழில்களும் யூத மார்க்க நிறுவனங்களும் தடைக்குத் தப்பின. அரியணை விழா விருந்தில் யூதப் பெரியார்களை அழைத்துப் பிரெஞ்சு அதிகாரிகளின் பார்வையிலேயே சிறப்பிடத்தில் அமர்த்தினார் என்றும், தம் குடிமக்களிடையே வேற்றுமை பாராட்ட ஒப்பவில்லை என்றும், 1941ஆம் ஆண்டைய பிரெஞ்சுச் செய்திக் குறிப்பொன்று மனக்குறையோடு தெரிவிக்கின்றது. அடிமைப்பட்ட ஒரு மன்னர், அதிகாரம் பறிபோன நிலையில், ஒரு விருந்தின் இருக்கை வரிசையைக் கொண்டே தம் உள்ளத்தை உலகுக்கு அறிவித்தார்.

மஞ்சள் நட்சத்திரம் அணியுமாறு யூதருக்கு ஆணை வந்தபோது, தமக்கும் தம் குடும்பத்தார்க்கும் அதைக் கொண்டுவருமாறு சுல்தான் கேட்டார் என்றொரு கதை பரவலாக வழங்குகின்றது. கேட்பதற்கு இனிய கதைதான். ஆனால் மொரோக்கோவில் அந்த நட்சத்திர ஆணை பிறப்பிக்கப்படவே இல்லை. அறிவிப்பாளர் வரிசையை ஆராய்ந்து செய்தியை ஏற்கும் மரபில் வந்த நமக்கு, நல்லவரைப் புகழவும் பொய் தேவையில்லை. உண்மையே போதுமானது. அந்நாட்டு யூதர்கள் ஐரோப்பாவின் கொலைக்களங்களுக்கு அனுப்பப்படவில்லை. 1942 நவம்பர் 8ஆம் நாள் அமெரிக்கப் படைகள் மொரோக்கோக் கரையில் இறங்கின. அதன் பின்னரும் பிரெஞ்சு அதிகாரிகள் தாமதம் செய்தமையால், 1943இல்தான் அச்சட்டங்கள் நீங்கின.

வாசகர்களே! அதனினும் கடிய சோதனை 1948இல் வந்தது. இம்முறை அநீதியை ஏவியவர் அந்நியர் அல்லர். அவ்வாண்டு மே மாதம் இஸ்ரேல் என்னும் நாடு அறிவிக்கப்பட்டது. ஃபலஸ்தீன மக்கள் இலட்சக்கணக்கில் வீடிழந்தனர். உலக முஸ்லிம்களின் உள்ளம் கொதித்தது. சுல்தானின் உள்ளமும் அம்மக்கள் பக்கமே இருந்தது. எனினும் மே 23ஆம் நாள் அன்னார் தம் மக்களுக்கு ஓர் அறிக்கை விடுத்தார். ஃபலஸ்தீனத்தின் துயரம் வேறு, நூற்றாண்டுகளாய் நம் மண்ணில் நம் பாதுகாப்பில் வாழும் யூதர்கள் வேறு என்பதைத் தெளிவுபடுத்தி, அவர்களுக்குத் தீங்கிழைத்தல் கூடாதென அறிவுறுத்தினார்.

இரண்டே வாரங்கள். ஜூன் 7ஆம் நாள் ஊஜ்தா நகரிலும், அருகிலுள்ள ஜராதா என்னும் சுரங்க ஊரிலும் கும்பல்கள் எழுந்தன. ஏறத்தாழ நாற்பது யூதர் கொல்லப்பட்டனர். பெண்டிரும் பிள்ளைகளும் அவர்களில் அடங்குவர். ஊஜ்தாவின் பாஷா, மாண்டவர்களின் வீடுதோறும் சென்று துக்கம் விசாரித்தார். ஆயினும் நம்பிக்கை என்னும் கண்ணாடி உடைந்துவிட்டது. மன்னர் நீதிமானாக இருப்பது மட்டும் போதாது. தெருவில் நிற்பவனும் நீதிமானாக இருந்தால்தான் அண்டை வீட்டார் உறங்க முடியும்.

நாட்டின் விடுதலைக்குக் குரல் கொடுத்த காரணத்தால், 1953 ஆகஸ்டு 20ஆம் நாள், ஹஜ்ஜுப் பெருநாளை ஒட்டி, பிரெஞ்சுக்காரர் அன்னாரை அரியணையினின்று இறக்கினர். குடும்பத்துடன் முதலில் கோர்சிகாத் தீவுக்கும் பின்னர் மடகாஸ்கருக்கும் நாடு கடத்தினர். தம் மண்ணைவிட்டு வேரோடு பிடுங்கப்படுதலின் வேதனையை மன்னரும் சுவைத்தார். 1955 நவம்பர் 16ஆம் நாள் திரும்பி வந்தபோது நாடே திரண்டு வரவேற்றது. அவ்வாண்டு இறுதியில் அமைந்த முதல் அமைச்சரவையில் லியோன் பென்ஸாக்கன் என்னும் யூத மருத்துவருக்கு அஞ்சல் துறையை அளித்தார். 1956 மார்ச்சில் நாடு விடுதலை பெற்றது.

அதன் பின்னும் யாவும் சீரடைந்துவிடவில்லை. யூதர்கள் நாட்டைவிட்டு வெளியேறுவதற்கு அரசு தடை விதித்தது. மறைவாகக் கடல் கடந்தோரின் படகொன்று 1961 ஜனவரியில் மூழ்கி, நாற்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். மறுமாதம் 26ஆம் நாள், அறுவை சிகிச்சை ஒன்றையடுத்து, ஐம்பத்தொன்றாம் வயதில் மன்னர் மறைந்தார். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். முஸ்லிம்களோடு யூதர்களும் அன்னாருக்காகக் கண்ணீர் வடித்தனர். பின் வந்த ஆண்டுகளில் அவர்களில் மிகப் பலர் இஸ்ரேலுக்கும் பிரான்ஸுக்கும் கனடாவுக்கும் சென்றுவிட்டனர். இலட்சக்கணக்கில் வாழ்ந்த நாட்டில் இன்று எஞ்சியிருப்போர் சில ஆயிரம் பேரே. புலம்பெயர்ந்தோர் பலரின் இல்லங்களில் இன்றும் இம்மன்னரின் படம் சுவரில் தொங்குகின்றது. மைமூனா இரவை அவர்கள் சென்ற இடமெல்லாம் கொண்டாடுகின்றனர். ஆனால், மாவேந்தி வாசலில் வந்து நின்ற அந்த முஸ்லிம் அண்டை வீட்டார்தாம் அங்கே இல்லை.

இவ்வரலாற்றை ஏன் இன்று நினைவுகூர்கிறோம்? யூதர் என்பதற்காகவே ஒருவரைப் பகைக்கும் நோய் மீண்டும் உலகில் பரவி வருகின்றது. 2018 அக்டோபரில் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் தொழுகைக் கூடத்தில் இருந்த பதினொரு யூதரை ஒருவன் சுட்டுக் கொன்றான். ஐந்தே மாதங்களில், 2019 மார்ச் 15ஆம் நாள், நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரில் ஜும்ஆவுக்குக் கூடியிருந்த நம் சகோதரர் உட்பட ஐம்பத்தொருவர் மற்றொருவனால் கொல்லப்பட்டனர். இரு கொலைஞர்களின் உள்ளத்திலும் ஊறியிருந்தது ஒரே நஞ்சு. ஒன்றை வெறுத்து மற்றொன்றைப் பொறுத்துக்கொள்வோர்க்கு அந்த நஞ்சின் இயல்பு புரியவில்லை.

2023 அக்டோபருக்குப் பின் காஸாவில் நிகழ்ந்தவற்றைக் கண்டு நம் நெஞ்சம் வெடிக்கின்றது. அத்துயரம் நியாயமானது. அநீதிக்கு எதிராகக் குரல் எழுப்புவதும் கடமையே. ஆனால் அந்தச் சினத்தை, ஏதோவொரு நகரின் ஏதோவொரு தெருவில் வாழும், அக்குற்றத்தில் பங்கில்லாத யூத முதியவர் மீதோ பள்ளிச் சிறுமி மீதோ இறக்கி வைக்க நமக்கு உரிமை தந்தவர் யார்? ஒரு சமூகத்தின் மீதுள்ள பகை உங்களை நீதி தவறச் செய்துவிட வேண்டாம் என்னும் கருத்தை இறைமறை நமக்குப் போதிக்கவில்லையா? ஒரு யூதரின் ஜனாஸா கடந்து சென்றபோது பெருமானார் (ஸல்) எழுந்து நின்று, அதுவும் ஓர் ஆன்மாவே என்பதைத் தோழர்களுக்கு உணர்த்தினார்களே! உடன்படிக்கை பெற்ற பிற சமயத்தாருக்கு அநீதி செய்பவனுக்கு எதிராக மறுமையில் தாமே வழக்காடுவதாகவும் எச்சரித்தார்களே! அந்த வழக்கு மன்றத்தில் நாம் எந்தப் பக்கம் நிற்கப் போகிறோம்?

மன்னர் ஐந்தாம் முஹம்மத் பிழையற்றவர் அல்லர். அன்னாரின் முத்திரை அநீதியான ஆணையிலும் விழுந்தது. ஆனால் சினம் பொங்கிய நாளில் குற்றவாளி யார், அண்டை வீட்டார் யார் என்று பிரித்துக் காணும் பார்வையை அன்னார் இழந்துவிடவில்லை. நம்முடைய நாவும் உள்ளமும் அந்தப் பார்வையை இழந்துவிடாதிருக்க வேண்டும். அண்டை வீட்டார் நம்பி ஒப்படைத்த மாவை எட்டு நாட்கள் காத்த அந்தச் சாமானிய முஸ்லிம்களிடம் இருந்த நேர்மை நம்மிடமும் நிலைக்க வேண்டும்.

வல்ல அல்லாஹ் நமக்கு நீதியில் உறுதியையும், அமானிதத்தில் நேர்மையையும் அருள்வானாக! துன்புறும் மக்கள் யாவரின் கண்ணீரையும் துடைப்பானாக! ஆமீன்.