பொம்மைகளின் தாய்

ஜெர்மனி நாட்டில் கீங்கன் என்று ஒரு சிறிய ஊர். அங்கே ஒரு பொம்மைக் காட்சிசாலை இருக்கிறது. உள்ளே போனால் யானை, கரடி, குரங்கு என்று எங்கே பார்த்தாலும் பொம்மைகள்! குழந்தைகள் ஆனந்தத்தால் துள்ளுவார்கள்.

இந்தப் பொம்மைகளை உலகுக்குத் தந்தவர் ஒரு பெண்மணி. அவரால் மட்டும் துள்ளி விளையாட முடிந்ததே இல்லை. அவர் பெயர் மார்கரேட் ஸ்டைஃப்.

குழந்தைப் பருவம்

மார்கரேட் அதே ஊரில் 1847-ம் ஆண்டு ஜூலை 24-ந் தேதி பிறந்தார். தந்தை கட்டிட வேலை செய்பவர். ஒன்றரை வயதில் குழந்தைக்குக் கடுமையான காய்ச்சல் கண்டது. அது இளம்பிள்ளை வாதம். இரண்டு கால்களும் செயல் இழந்தன. வலது கையைத் தூக்கினால் வலி எடுக்கும்.

பெற்றோர் பல வைத்தியர்களிடம் காட்டினார்கள். ஒன்பது வயதில் அறுவைச் சிகிச்சையும் நடந்தது. பலன் இல்லை. இனி நடக்க முடியாது என்று தெரிந்ததும் மார்கரேட் அழுதுகொண்டு உட்கார்ந்துவிடவில்லை. தையல் கற்றுக்கொண்டார்.

திருப்பி வைத்த எந்திரம்

பிறகு தையல் எந்திரம் ஒன்று வந்தது. அதன் சக்கரத்தை வலது கையால் சுற்ற வேண்டும். மார்கரேட்டின் வலது கையில் பலம் கிடையாது. என்ன செய்வது? எந்திரத்தையே பின்பக்கமாகத் திருப்பி வைத்தார். இடது கையால் சுற்றித் தைத்தார்!

1877-ம் ஆண்டில் கம்பளித் துணியில் உடைகள் தைத்து விற்கும் கடையைத் தொடங்கினார். சொந்தக் காலில் நிற்க முடியாதவர், சொந்த உழைப்பில் நின்றார்.

யானை வந்தது

ஒரு பத்திரிகையில் யானை படம் வந்திருந்தது. அதைப் பார்த்து, குண்டூசி குத்தி வைப்பதற்காகத் துணியில் சின்ன யானைகள் செய்தார். உள்ளே மெத்தென்று கம்பளி ரோமம் அடைத்தார். பெரியவர்களுக்காகச் செய்த யானையைக் குழந்தைகள் விடவில்லை. எடுத்துக்கொண்டு போய் விளையாடினார்கள். மார்கரேட்டுக்கு வழி புலப்பட்டது. 1886-ம் ஆண்டுக்குள் 5,000-க்கும் மேற்பட்ட யானைகள் விற்றுப்போயின.

கரடியின் கதை

தம்பியின் பிள்ளைகளும் தொழிலில் சேர்ந்தார்கள். அவர்களில் ஒருவரான ரிச்சர்டு, 1902-ம் ஆண்டு கை கால் அசையும் கரடி பொம்மை ஒன்றை உருவாக்கினார். மறு ஆண்டு லீப்சிக் நகரச் சந்தையில் வைத்தார்கள். முதலில் யாரும் அதைச் சீந்தவில்லை. கடைசியில் ஓர் அமெரிக்க வியாபாரி வந்து, 3,000 கரடிகள் வேண்டும் என்றார்!

அப்போது அமெரிக்க ஜனாதிபதியாக இருந்தவர் தியோடர் ரூஸ்வெல்ட். 1902-ல் வேட்டைக்குப் போனபோது, கட்டிப் போட்டிருந்த கரடியைச் சுட மறுத்துவிட்டார். இந்தச் செய்தி கேலிச் சித்திரமாக வந்து நாடெங்கும் பரவியது. அவருடைய செல்லப் பெயர் டெடி. அதனால் கரடி பொம்மைக்கும் டெடி என்ற பெயர் நிலைத்தது.

1907-ம் ஆண்டில் மட்டும் இவர்கள் செய்த கரடிகள் 9 லட்சத்து 74 ஆயிரம். தொழிற்சாலையில் 400 பேர், வீட்டிலிருந்தே தைப்பவர்கள் 1,800 பேர் என்று ஏராளமானவர்கள் பிழைத்தார்கள்.

மார்கரேட் 1909-ம் ஆண்டு மே 9-ந் தேதி, 61-வது வயதில் காலமானார். 2005-ல் திறக்கப்பட்ட காட்சிசாலை அவர் கதையைச் சொல்கிறது.

உங்கள் வீட்டுக் குழந்தை கரடி பொம்மையைக் கட்டிக்கொண்டு தூங்குகிறதா? எந்திரத்தைத் திருப்பி வைத்துத் தைத்த அந்த இடது கையை ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளுங்கள்.