கதவைத் தட்டிய மூன்று பேர்!



ஏன் டிப்ளமோவில் சேர்ந்தேன்னு கேட்டா நம்மில் பல பேருக்குப் பதில் தயாரா இருக்காது. மார்க் குறைஞ்சு போச்சு, மாமா சொன்னார், சீக்கிரம் வேலை கிடைக்கும்... இப்படித்தான் இழுப்போம். தான் எதற்காகப் படிக்கிறோம் என்பதைச் சந்தேகமில்லாமல் தெரிந்துகொண்டு படித்தவர் ஒருவர் உண்டு. அவர்தான் வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியை உருவாக்கிய டாக்டர் ஐடா ஸ்கடர்.

1870 டிசம்பர் 9 அன்று இராணிப்பேட்டையில் பிறந்தவர் ஐடா. தாத்தாவும் அப்பாவும் அமெரிக்காவிலிருந்து வந்த மிஷனரி டாக்டர்கள். ஆனால் ஐடாவுக்கு அந்த வாழ்க்கையே பிடிக்கவில்லை! தாது வருஷப் பஞ்சத்தில் (1876-78) பட்டினி கிடந்த குழந்தைகளைச் சின்ன வயதிலேயே கண்ணால் பார்த்தவர் அவர். இந்த வெயிலும் வறுமையும் நமக்கு வேண்டாம், அமெரிக்காவில் சுகமாக இருந்துவிடலாம் என்பதுதான் அவருடைய கணக்கு. அங்கேயே போய்ப் பள்ளிப் படிப்பையும் முடித்தார்.

1890-இல், அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று திண்டிவனம் வந்தார். கொஞ்ச நாள் இருந்துவிட்டுத் திரும்பிவிடுவதாகத்தான் திட்டம்.

அப்போதுதான் அந்த இரவு வந்தது. ஒரு பிராமண இளைஞர் வந்து கதவைத் தட்டினார். அவர் மனைவி பிரசவ வலியில் துடிக்கிறாள், ஐடா வந்து பார்க்க வேண்டும் என்றார். தனக்கு வைத்தியம் தெரியாது, அப்பாதான் டாக்டர், அவர் வருவார் என்றார் ஐடா. அந்நிய ஆண் வந்து பிரசவம் பார்ப்பதா? கூடவே கூடாது என்று போய்விட்டார் அவர். அடுத்து ஒரு முஸ்லிம் அன்பர் வந்தார், அவருக்குப் பின் இன்னொரு இந்து அன்பர். மூவருக்கும் அதே கவலை, மூவரிடமிருந்தும் அதே மறுப்பு!

பொழுது விடிந்தது. மூன்று பெண்களுமே இறந்துவிட்டார்கள் என்ற செய்தி வந்தது.

அடுத்த அறையிலேயே டாக்டர் இருக்கிறார், மனசும் இருக்கிறது. ஆனால் கைத்தொழில் தெரிந்த ஒரு பெண் இல்லை. அதனால் மூன்று உயிர் போனது! இதை நினைத்து நினைத்துக் கலங்கிய ஐடா, தானே டாக்டராகி இங்கேயே திரும்பி வருவது என்று முடிவு செய்தார்.

1895-இல் பிலடெல்பியாவில் பெண்கள் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். பிறகு நியூயார்க்கின் கார்னெல் மருத்துவக் கல்லூரிக்கு மாறி 1899-இல் பட்டம் பெற்றார். ஷெல் என்ற வங்கி அதிபர், தன் மறைந்த மனைவியின் நினைவாகக் கொடுத்த 10,000 டாலரோடு ஊர் திரும்பினார். 1900-இல் வேலூரில் ஒரே ஒரு படுக்கையோடு வைத்தியம் ஆரம்பம்! 1902-இல் 40 படுக்கை ஆஸ்பத்திரி எழுந்தது. 1909-இல் நர்ஸ் பயிற்சிப் பள்ளி. ஊர் ஊராகப் போய் மரத்தடியிலும் வைத்தியம் பார்த்தார்.

ஒரு டாக்டர் எத்தனை கதவுக்குத்தான் ஓட முடியும்? அதனால் 1918-இல் பெண்களுக்காக மருத்துவப் பள்ளி தொடங்கினார். பெண்கள் சேர வருவார்களா, வந்தாலும் பாஸ் செய்வார்களா என்று அதிகாரிகளுக்கே சந்தேகம். 1922-இல் அங்கே படித்த முதல் அணியில் 14 பேர் டாக்டர்களாக வெளியே வந்தார்கள்!

நண்பர்களே, இங்கேதான் நமக்கு ஒரு செய்தி. அவர்கள் வாங்கியது எம்.பி.பி.எஸ். பட்டம் அல்ல. எல்.எம்.பி. என்ற சான்றிதழ்தான். நம்ம டிப்ளமோ மாதிரின்னு வெச்சுக்கோங்களேன். ஆனால் பிரசவ வலியில் துடித்த பெண்களுக்கு வேண்டியது, தெரிந்த கைகள்தான்.

1938 வாக்கில், பல்கலைக்கழகப் பட்டப்படிப்பு இருந்தால்தான் மருத்துவக் கல்லூரி நடத்தலாம் என்று அரசு சொன்னபோது பள்ளியே மூடும் நிலைமை. எழுபது வயதிலும் ஐடா அமெரிக்கா போய் ஊர் ஊராக நிதி திரட்டினார். 1942-இல் எம்.பி.பி.எஸ். வந்தது. 1947-இல் ஆண்களும் சேர்க்கப்பட்டார்கள். 1960 மே 24 அன்று கொடைக்கானலில் ஐடா மறைந்தார்.

டிப்ளமோதானே என்று யாராவது இளக்காரமாகச் சொன்னால் தலை குனியாதீர்கள். நாம் ஒழுங்காகக் கொடுக்காத ஒரு எர்த் கனெக்ஷன் ஓர் உயிரை எடுக்கும். சரியாகக் கொடுத்தால் ஒரு குடும்பமே பிழைக்கும். அரியர் இல்லாமல் பாஸ் செய்வது மட்டும் போதாது. நம் கதவையும் ஒருநாள் யாராவது தட்டுவார்கள். அன்று எனக்குத் தெரியாது என்று சொல்லாமல் இருக்க, இன்றே தொழிலைக் கற்போம்!