ஆர்ஸ் நகர்க் குரவர்

பிரெஞ்சு நாட்டிலே லியோன் மாநகருக்கு வடக்கே ஆர்ஸ் என்றொரு சிற்றூர் உளது. 1818ஆம் ஆண்டில் ஜான் மரிய வியான்னி அடிகள் அதற்குக் குரவராய் அனுப்பப்பட்டஞான்று ஆங்கு வாழ்ந்தோர் ஏறக்குறைய 230 பேரே. நாற்பதாண்டு கழிந்தபின், ஆண்டொன்றுக்கு எண்பதினாயிரவர்க்குக் குறையாத மக்கள் அவ்வூரை நாடி வரலாயினர். லியோனிலிருந்து நாள்தோறும் வண்டிகள் ஓடின. அவர்கள் வந்தது விழாக் காண்டற்கன்று. ஒரு முதியவர் செவியிலே தம் பாவங்களை உரைத்துப் பொறுத்தல் பெற்று மீள்வதற்கே.

அடிகள் 1786ஆம் ஆண்டு மே 8ஆம் நாள் தார்தீயி என்னும் ஊரில் உழவர் குடியிற் பிறந்தார். அவர் மூன்றாண்டுக் குழவியாய் இருக்கையிலேயே பிரெஞ்சுப் புரட்சி மூண்டது. அரசின் ஆணையை ஏற்று உறுதிமொழி கூற மறுத்த குருக்கள் வேடம் பூண்டு மறைந்து திரிந்தனர். அங்ஙனம் மறைந்து வந்த குரு ஒருவரிடமே, 1797இல், தம் இல்லத்துக் கடிகாரத்தின் அடியில் முழந்தாளிட்டு, பதினோராண்டுச் சிறுவராகிய வியான்னி தம் முதற் பாவசங்கீர்த்தனத்தைச் செய்தார். முதல் நற்கருணை பெற்றதும் மறைவிலேதான். உள்ளே எரியும் மெழுகுதிரியின் ஒளி புறத்தே தெரியாதிருத்தற்பொருட்டுச் சாளரங்களின்முன் வைக்கோல் வண்டிகளை நிறுத்தியிருந்தனராம். பாவமன்னிப்பை வழங்குவோர் தம் உயிரையே பணயம் வைத்து வழங்கிய காலம் அது. பின்னாளில் அடிகள் அதனை அத்துணை அருமையாய்ப் போற்றியதன் வேர் இவ்விடத்தே உளதென்பது எமது கருத்து.

குருப்பட்டத்திற்கு உரிய கல்வியோ அவர்க்கு எளிதில் வாய்க்கவில்லை. இருபதாண்டு அகவையிலே எக்குல்லி ஊர்ப் பங்குக் குருவாகிய பாலே என்பவரிடம் இலத்தீன் கற்கத் தொடங்கினார். கற்றது நெஞ்சில் நில்லாது போயிற்று. (தேர்வுக்கு அஞ்சும் மாணவர்க்கு இவர் வரலாறு சிறிது ஆறுதலளிக்கும்.) இதனிடையே, 1809இல், நெப்போலியன் படைக்கு அழைக்கப்பெற்று, நோயுற்றுப் பின்தங்கி, படையினின்றும் நீங்கியவராய் நுவே என்னும் மலையூரில் வேறு பெயருடன் ஒளிந்து வாழ்ந்தார். 1810இல் பேரரசர் தம் திருமணத்தை முன்னிட்டுப் படைநீங்கியோர்க்கெல்லாம் மன்னிப்பருளவே, வீடு திரும்பினார். அவருக்கு ஈடாகத் தம்பி படைக்குச் செல்ல நேர்ந்தது. தாம் பெற்ற மன்னிப்பின் விலையைப் பிறனொருவன் இறுத்தலாவது யாதென அவர் அன்றே உணர்ந்திருத்தல் கூடும்.

குருமடத்தார் ஒருமுறை அவரை விலக்கினர். பாலே அடிகள் விடாது பரிந்துரைத்தமையால் 1815 ஆகஸ்டு 13இல் கிரெனோபிளில் குருப்பட்டம் பெற்றார். ஆயினும் பாவசங்கீர்த்தனம் கேட்க அவர்க்கு உடனே அதிகாரம் அளிக்கப்படவில்லை. அவ்வதிகாரம் பின்னர்க் கிட்டியபோது, அவர்முன் முதன்முதல் முழந்தாளிட்டவர் அவர்தம் ஆசிரியராகிய பாலே அடிகளே!

இறைவனிடமே நேரே முறையிடலாகாதோ, மற்றொரு மனிதன் செவியில் உரைப்பது என்னை என்று விடுதி நண்பர் சிலர் எம்மை வினவியதுண்டு. பாவத்தைப் பொறுப்பவர் இறைவனே. குரு அவர்தம் பணியாளர். உயிர்த்தெழுந்த கிறிஸ்து நாதர் பாவங்களைப் பொறுக்கவும் பொறாது விடவும் தம் அப்போஸ்தலர்க்கு அளித்த அதிகாரமே இத்தேவதிரவிய அனுமானத்தின் அடிப்படை என்பது கத்தோலிக்கர் கொள்கை. 1551இல் திரிதெந்தீன் பொதுச்சங்கம் இதனை விரித்துரைத்தது. வாயால் உரைத்தல் மட்டும் போதாது. உள்ளத்தே மனஸ்தாபமும், இனிச் செய்யேன் என்னும் பிரதிக்கினையும், குரு விதிக்கும் அபராதத்தை நிறைவேற்றலும் வேண்டும். கேட்டதனைக் குரு உயிர் போயினும் வெளியிடலாகாது. தன் பிழையைத் தானே பெயரிட்டுச் சொல்லுங்கால் மனிதன் தன்னை ஏமாற்றிக்கொள்ளும் வழி அடைபடுகின்றது. பொறுத்தேன் என்னும் மொழியைத் தன் காதாலே கேட்குங்கால் ஐயமும் அகல்கின்றது.

தொடக்கத்தில் அடிகள் மிகக் கடுமையானவர். நடனத்தை விட இசையாதார்க்குப் பொறுத்தலை நெடுநாள் மறுத்து வந்தார். இஃது எமக்கு மிகையென்றே தோன்றுகின்றது. ஆண்டுகள் செல்லச் செல்ல, அர்ச். அல்போன்ஸ் லிகோரியாரின் ஒழுக்கநூற் கொள்கை அவரை நெகிழ்வித்தது. அதனினும் மிகுதியாக, தம்முன் வந்து அழுதோரின் துயரமே நெகிழ்வித்தது போலும். பாவிகட்குச் சிறியதோர் அபராதத்தை விதித்து, எஞ்சியதைத் தாமே நோன்பிருந்தும் கண்விழித்தும் செலுத்துவாராயினர்.

நள்ளிரவு கழிந்தவுடன் கோயிலுக்குச் சென்று, நாளொன்றுக்குப் பதினாறு மணி நேரமளவும் அம்மர இருக்கையிலே அமர்ந்திருப்பார். குளிர்காலத்தே கால்கள் விறைக்கும்; கோடையிலே அடைபட்ட காற்று தலையைச் சுழற்றும். மக்கள் தம் முறைக்காகப் பல நாள் காத்துக் கிடந்தனர். அண்டையூர்க் குருக்களுள் சிலர், கல்வியறிவில்லாதார் இப்பணிக்குத் தகார் என மேற்றிராணியார்க்கு விண்ணப்பம் எழுதினர். அது கைமாறித் தம்மிடம் வந்தபோது அடிகள் தாமும் அதிற் கையொப்பமிட்டு அனுப்பினாராம்! நகைப்புக்கன்று, அவர் தம்மைக் குறித்து மெய்யாகவே அங்ஙனம் எண்ணியிருந்தார். அதனாலேயே, தனித்திருந்து தம் பாவங்கட்காக அழல் வேண்டுமென்று ஒருமுறையன்று, பன்முறை ஊரைவிட்டு ஓட முயன்றார். 1853இல் அவர் இரவிற் புறப்பட்டதறிந்து ஊரார் மணியடித்துத் திரண்டு வழிமறித்தனர். அடிகள் திரும்பினார், இல்லத்துக்கன்று, நேரே கோயிலுட் புகுந்து காத்திருந்தோரின் பாவசங்கீர்த்தனத்தைக் கேட்க அமர்ந்தார். ஆயிரவர்க்கு அமைதி வழங்கியவர் தம்மளவில் அவ்வமைதியை எளிதிற் பெற்றிலர் என்பது அவர் வாழ்வில் எம்மை மிகவும் வருத்தும் பகுதி.

1859 ஜூலை மாதம் வெப்பம் மிகக் கொடியதாயிருந்தது. மாதக் கடைசியில் ஒருநாள், வழக்கம்போல் இரவு மட்டும் பாவசங்கீர்த்தனம் கேட்டு மீண்டவர் படுக்கையில் வீழ்ந்தார், மீண்டும் எழவில்லை. தொடங்கிய பாவசங்கீர்த்தனத்தை முடியாது நின்ற சிலர் அவர் கட்டிலருகே வந்து முழந்தாளிட, அவர்க்கும் செவி சாய்த்தார். பின் தாமும் ஒரு குருவிடம் தம் பாவங்களை அறிக்கையிட்டு, ஆகஸ்டு 4ஆம் நாள் விடியுமுன் உயிர் நீத்தார்.