குளம் யாருடையது? அண்ணல் அம்பேத்கரும் மதம் கலவாத அரசும்

ஏப்ரல் பிறந்துவிட்டால் நம் ஊர்களில் அண்ணல் சிலைகளுக்கு வண்ணம் பூசுகிறோம், மாலை போடுகிறோம், அரசமைப்புச் சட்டத்தைத் தந்தவர் என்று பேசுகிறோம். அந்தச் சட்டத்தில் அரசையும் மதத்தையும் அவர் எப்படிப் பிரித்து வைத்தார், ஏன் பிரித்தார் என்பதை மட்டும் அதிகம் பேசுவதில்லை. மதச்சார்பின்மை என்பது டெல்லியில் படித்தவர்கள் நடத்தும் விவாதம், நமக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று நம்மில் பலர் இருந்துவிடுகிறோம். அண்ணலுக்கு அது சிறுவயதில் தொண்டை காய்ந்தபோதே தெரிந்துபோன விஷயம். இந்த வாரம் அவருடைய வாழ்க்கையை அந்தப் பக்கமிருந்து பார்ப்போம்.

பீமராவ் 1891 ஏப்ரல் 14 அன்று மாவ் ராணுவ முகாமில் பிறந்தார். தந்தை ராம்ஜி சக்பால் ராணுவத்தில் சுபேதார். கபீர் வழியைப் பின்பற்றியவர். வீட்டில் காலையும் மாலையும் வழிபாடு உண்டு. ஆகவே மதத்தின் மேல் வெறுப்போடு வளர்ந்த பிள்ளை என்று அவரைச் சொல்ல முடியாது.

சாத்தாராவில் பள்ளிக்கூடம். மற்ற பிள்ளைகளோடு சேர்ந்து உட்கார அனுமதியில்லை. வீட்டிலிருந்து கொண்டுபோன சாக்குத் துணியை விரித்து ஒதுங்கி உட்கார வேண்டும். மாலையில் அதைச் சுருட்டி வீட்டுக்கு எடுத்து வந்துவிட வேண்டும். பள்ளியைப் பெருக்கும் வேலையாள்கூட அதைத் தொடமாட்டார். குடிநீர்க் குழாயை அவர் தொடக்கூடாது. பியூன் வந்து திறந்துவிட்டால் குடிக்கலாம். பியூன் வராத நாளில் தாகத்தோடு வீடு திரும்ப வேண்டும். பள்ளிக்கூடம் எல்லோருக்கும் பொது. ஆனால் குழாயடியில் நடந்தது சாஸ்திரத்தின் ஆட்சி.

பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட் தந்த உதவித்தொகையில் 1913-ல் அமெரிக்கா சென்று கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்தார். பிறகு லண்டன். 1917-ல் ஒப்பந்தப்படி பரோடா அரசுப் பணியில் சேர வந்தார். மன்னர் சீர்திருத்தக்காரர்தான். ஆனால் அலுவலகத்தில் பியூன்கள் அவர் மேசைமேல் கோப்புகளை எட்ட நின்று வீசினார்கள். தங்க இடமில்லை. பார்சி விடுதி ஒன்றில் தங்கியிருந்தபோது, சாதி தெரிந்ததும் தடியோடு வந்தவர்கள் வெளியேற்றினார்கள். சில நாட்களிலேயே பரோடாவைவிட்டுக் கிளம்பினார். அடுத்த ஆண்டு பம்பாயில் அரசின் சிடன்ஹாம் கல்லூரிப் பேராசிரியர். அங்கும் பேராசிரியர்களின் பொதுத் தண்ணீர்ப் பானையை அவர் தொடுவதற்கு எதிர்ப்பு வந்தது. நாற்காலி அரசு கொடுத்தது, தண்ணீரைச் சாதி தடுத்தது.

மகாத் குளக்கரையில்

1923-ல் பம்பாய் சட்டமன்றத்தில் எஸ்.கே.போலே ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். அரசுப் பணத்தில் கட்டப்பட்ட, பராமரிக்கப்படுகிற கிணறு, குளம், சத்திரம், பள்ளி, மருத்துவமனை எதிலும் தீண்டப்படாதோரைத் தடுக்கக்கூடாது என்பது அதன் சாரம். தீர்மானம் நிறைவேறியது. கொலாபா மாவட்டத்தில் இருந்த மகாத் நகராட்சியும் 1924-ல் தன் சவுதார் குளத்தைத் திறந்துவிட்டதாக அறிவித்தது. ஆனால் தாளில் திறந்த குளம் கரையில் திறக்கவில்லை. மாற்று மதத்தவர் தண்ணீர் எடுத்தார்கள், கால்நடைகள் குடித்தன. நம் மக்கள் மட்டும் இறங்க முடியவில்லை.

1927 மார்ச் 20 அன்று அண்ணல் தலைமையில் ஆயிரக்கணக்கானோர் ஊர்வலமாகச் சென்றார்கள். அவர் குளத்தில் இறங்கித் தண்ணீர் அள்ளிக் குடித்தார். கூட்டமும் குடித்தது. அடுத்து வீரேசுவரர் கோயிலுக்குள் நுழையப் போகிறார்கள் என்று ஊருக்குள் புரளி கிளம்பியது. மாநாட்டுப் பந்தலில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களும் வீடு திரும்பிக்கொண்டிருந்தவர்களும் தாக்கப்பட்டார்கள். பின்னர் சாணமும் கோமியமும் பாலும் தயிரும் கலந்து 108 பானைகளில் குளத்தில் ஊற்றி, மந்திரம் சொல்லித் தீட்டுக் கழித்தார்கள்.

அதே ஆண்டு ஆகஸ்டில் நகராட்சி தன் தீர்மானத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. மக்கள் வரியில் நடக்கும் ஓர் அமைப்பு, புரோகிதர் சொன்ன தீட்டுக்குப் பணிந்தது. மதமும் அரசும் கலந்தால் என்ன நடக்கும் என்பதற்கு நமக்கு வேறு எடுத்துக்காட்டு வேண்டாம்.

டிசம்பரில் அண்ணல் மீண்டும் மகாத் வந்தார். அதற்குள் எதிர்த்தரப்பு நீதிமன்றத்தில் வழக்குப் போட்டு இடைக்காலத் தடை வாங்கியிருந்தது. கூட்டம் நடத்த இடம் கொடுக்க யாரும் முன்வரவில்லை. முஸ்லிம் ஒருவர் தன் நிலத்தைக் கொடுத்தார். டிசம்பர் 25 அன்று அங்கே மனுஸ்மிருதி எரிக்கப்பட்டது. குளத்தில் இறங்க மக்கள் துடித்தார்கள். கலெக்டர் வந்து பேசினார். தடையை மீற வேண்டாம், வழக்கை நடத்துவோம் என்று அண்ணல் முடிவெடுத்தார். சாஸ்திரத்தை எரித்த அதே கூட்டத்தில் நீதிமன்ற உத்தரவை மதித்தார். எந்தச் சட்டத்துக்குத் தலைவணங்குவது, எதற்கு வணங்காமல் நிற்பது என்பதில் அவருக்குக் குழப்பம் இருக்கவில்லை.

வழக்கு சுமார் பத்து ஆண்டுகள் நடந்தது. 1937 மார்ச் 17 அன்று பம்பாய் உயர் நீதிமன்றம் நம் பக்கம் தீர்ப்பளித்தது. குளம் நகராட்சிக்குச் சொந்தம். தொன்றுதொட்டு வரும் வழக்கம் என்று சொல்லப்பட்டது நிரூபிக்கப்படவில்லை.

சட்டமாக மாறிய தாகம்

மதம் இல்லாமல் மனிதன் வாழ முடியாது என்று நம்பியவர் அண்ணல். ஆனால் அந்த மதம் சமத்துவத்தைத் தர வேண்டும். 1935-ல் இயோலாவில், இந்துவாகச் சாகமாட்டேன் என்று அறிவித்தார். மறு ஆண்டு வெளியான சாதி ஒழிப்பு நூலில், பரம்பரைப் புரோகிதம் ஒழிய வேண்டும், தேர்வு எழுதித் தேறி அரசின் சான்று பெற்றவரே பூசை செய்ய வேண்டும் என்று எழுதினார்.

மதத்தை அரசிலிருந்து விலக்கச் சொன்னவரே, அரசை மதத்துக்குள் போகச் சொல்கிறாரே என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். அமெரிக்காவில் 1791-ல் வந்த முதல் திருத்தம், எந்த மதத்தையும் அரசு மதமாக நிறுவ நாடாளுமன்றத்துக்கு அதிகாரமில்லை, மத வழிபாட்டைத் தடுக்கவும் அதிகாரமில்லை என்றது. அங்கே இரண்டுக்கும் நடுவே சுவர் எழுப்பினார்கள். நம் நாட்டில் அப்படியே ஒரு சுவர் எழுப்பியிருந்தால் அதற்கு அந்தப் பக்கம் தீண்டாமை பத்திரமாக உட்கார்ந்திருக்கும். அதனால் அண்ணல் வேறு வழி கண்டார். மதம் அரசுக்குள் வந்து உத்தரவு போடக்கூடாது. மதத்தின் பெயரால் மனிதனை இழிவுபடுத்தினால் அரசு உள்ளே போய்க் கேட்கலாம்.

1947-ல் அரசியல் நிர்ணய சபைக்கென்று தயாரித்த மனுவில், எந்த மதத்தையும் அரசு மதமாக ஏற்கக்கூடாது என்று எழுதிவைத்தார். அதே ஆண்டு ஆகஸ்டில் வரைவுக் குழுத் தலைவரானார். இறுதியாக வந்த அரசமைப்புச் சட்டத்தைப் புரட்டிப் பாருங்கள். பிரிவு 15, அரசுப் பணத்தில் பராமரிக்கப்படும் கிணறு, குளம், குளிக்கும் துறை, சாலை எதிலும் சாதி, மதம் பார்த்துத் தடுக்கக்கூடாது என்கிறது. மகாத் குளம் அங்கே இருக்கிறது. பிரிவு 17 தீண்டாமையை ஒழிக்கிறது. பிரிவு 25 மனசாட்சிச் சுதந்திரத்தைத் தருகிறது. பொதுத்தன்மையுள்ள இந்துக் கோயில்களை எல்லாப் பிரிவினருக்கும் திறந்துவிடச் சட்டம் இயற்றவும் அதே பிரிவு இடம் வைக்கிறது. பிரிவு 27, ஒரு மதத்தை வளர்ப்பதற்கென்று யாரையும் வரி கட்டச் சொல்லக்கூடாது என்கிறது. பிரிவு 28, முழுக்க அரசுப் பணத்தில் நடக்கும் பள்ளியில் மதபோதனை கூடாது என்கிறது.

1948 டிசம்பரில் சபையில் பேசியபோது, இங்கே மதம் பிறப்பு முதல் இறப்பு வரை எல்லாவற்றையும் பிடித்து வைத்திருக்கிறது. அதன் எல்லையை வழிபாடு, நம்பிக்கை அளவுக்குச் சுருக்காவிட்டால் எந்தச் சமூகச் சட்டமும் கொண்டுவர முடியாது என்ற கருத்தை எடுத்துவைத்தார்.

அதற்கு அவரே விலை கொடுத்தார். சட்ட அமைச்சராக அவர் கொண்டுவந்த இந்து சட்டத் தொகுப்பு மசோதா, பெண்ணுக்குச் சொத்துரிமையும் மணவிலக்கு உரிமையும் தந்தது. சாதி மறுப்புத் திருமணத்துக்குத் தடையை நீக்கியது. சாஸ்திரத்துக்கு விரோதம் என்று உள்ளேயும் வெளியேயும் கூச்சல். மசோதா கைவிடப்பட்டது. 1951 செப்டம்பரில் பதவியை விட்டு விலகினார். 1955, 1956-ல் அதே மசோதா நான்கு சட்டங்களாகப் பிரிந்து நிறைவேறியபோது அமைச்சரவையில் அவர் இல்லை.

மீதமிருக்கும் கணக்கு

1956 அக்டோபர் 14, நாக்பூர். அண்ணல் லட்சக்கணக்கான மக்களோடு பௌத்தம் தழுவினார். நாட்டுக்கே சட்டம் எழுதியவர், தான் தழுவ நினைத்த மதத்துக்கு அந்தச் சட்டத்தில் தனி இருக்கை எதுவும் போட்டுவைக்கவில்லை. டிசம்பர் 6 அன்று மறைந்தார்.

இத்தோடு கதையை முடித்தால் நமக்கு நிம்மதி. ஆனால் உண்மை முழுதாகாது. 1950-ல் குடியரசுத் தலைவர் பிறப்பித்த பட்டியல் சாதிகள் ஆணை, இந்து மதத்தில் இருப்பவரே பட்டியல் சாதியினர் என்றது; பஞ்சாப் பகுதியின் சில சீக்கியப் பிரிவுகளுக்கு மட்டும் விலக்கு. கிறிஸ்தவர்களை ஒதுக்கும் வழக்கம் 1936-ன் ஆங்கிலேயர் ஆணையிலேயே இருந்தது. 1950 ஆணை வந்தபோது சட்ட அமைச்சர் அண்ணல்தான். அதை மறைத்து எழுதுவது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது. ஆறே ஆண்டுகளில் அவரோடு தீட்சை பெற்ற மக்கள், அந்த ஆணையின் காரணமாகவே மத்திய அரசின் பட்டியலுக்கு வெளியே நின்றார்கள். சீக்கியர் எல்லோருக்கும் 1956-ல் கதவு திறந்தது. பௌத்தர்கள் 1990 வரை காத்திருந்தார்கள். தலித் கிறிஸ்தவரும் தலித் முஸ்லிமும் இன்றும் வெளியேதான்.

தமிழ்நாட்டில் இதன் பொருள் நமக்குத் தெரியும். ஒரே தெருவில் ஒரே சாதியில் பிறந்த இருவர். மாரியம்மன் கோயிலுக்குப் போகிறவருக்குப் பட்டியல் சாதிச் சான்றிதழ். மாதா கோயிலுக்குப் போகிறவர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில். கிறிஸ்தவத்தில் சாதி இல்லை என்று வாதிடுகிறவர்கள், இங்கே சில ஊர்களில் கல்லறைத் தோட்டத்திலும் நடுச்சுவர் எழுப்பியிருக்கும் வழக்கத்தை வந்து பார்க்கட்டும். 2007-ல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம், பட்டியல் சாதித் தகுதியை மதத்திலிருந்து பிரிக்கச் சொல்லிப் பரிந்துரைத்தது. பரிந்துரை அளவிலேயே நிற்கிறது. பட்டியலில் ஆள் கூடினால் இருக்கும் பங்கு குறையுமே என்று நம்மவரில் சிலருக்குள்ள அச்சத்தையும் நாம் ஒதுக்கிவிட முடியாது. ஒதுக்கீட்டின் அளவையும் சேர்த்துப் பேசித்தான் இதைத் தீர்க்க வேண்டும்.

குளம் நகராட்சியுடையது, அதில் இறங்குபவனின் தீட்டைப் பற்றிக் கேட்க யாருக்கும் உரிமையில்லை என்று நிலைநாட்ட அண்ணலுக்குப் பத்து ஆண்டுகள் ஆயின. தாலுகா அலுவலகமும் நம் வரிப்பணத்தில் நடப்பதுதான். அதன் சன்னலில் நிற்பவன் எந்தச் சாமியைக் கும்பிடுகிறான் என்று கேட்காத நாள் வரும்வரை அவர் தொடங்கிய வேலை முடிந்ததாக நாம் சொல்லிக்கொள்ள முடியாது. இந்த ஏப்ரலில் மாலையோடு அந்தக் கோரிக்கையையும் கையில் எடுத்துக்கொண்டு போவோம்.