மரபியல் மேதை ஜே.பி.எஸ். ஹால்டேன்

ஆராய்ச்சி படிக்கும் தம்பி, தங்கைகளைக் கண்டால் இப்போது எல்லோரும் கேட்பது எத்தனை பேப்பர், எத்தனை சைட்டேஷன் என்றுதான். நான் இன்ஜினியர். மரபியல் என் பாடமில்லை. ஆனாலும் இந்தக் கணக்கைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஹால்டேன் ஞாபகம்தான் வரும். நம் நாட்டுக் குடியுரிமை பெற்று, இந்த மண்ணிலேயே மறைந்தவர் என்பதால் அவரைப் பற்றி நம் மலரில் எழுதுவது பொருத்தம் என்று நினைக்கிறேன்.

1892-ல் ஆக்ஸ்ஃபோர்டில் பிறந்தார். அப்பா பெரிய உடலியல் விஞ்ஞானி. சுரங்கங்களில் விஷவாயுவை ஆராயப் போகும்போது பையனையும் கூட்டிக்கொண்டு போவாராம். தங்கை நயோமி வீட்டில் கினிப்பன்றி வளர்த்தாள். அண்ணனும் தங்கையும் அவற்றை வைத்தே மெண்டல் விதிகளைச் சோதித்தார்கள். நம்ம குன்னம் பக்கம் ஆடு வளர்க்கிறவர்கள் கிடாயைப் பார்த்தே குட்டி எப்படி வரும் என்று ஓரளவு சொல்லிவிடுவார்கள். அந்த அனுபவ அறிவை நோட்டில் எழுதி, எண்ணிப் பார்த்தால் அதுதான் மரபியல்.

பிறகு சுண்டெலிகள். இரண்டு குணங்கள் தலைமுறைதோறும் ஒன்றாகவே சேர்ந்து வருகின்றன என்று ஹால்டேன், நயோமி, நண்பர் ஸ்பிரண்ட் மூவரும் கண்டார்கள். பாலூட்டிகளில் ஜீன் பிணைப்பைக் காட்டிய முதல் ஆய்வு இது. அதற்குள் முதல் உலகப்போர் வந்துவிட்டது. ஹால்டேன் போர்முனைக்குப் போனார். ஸ்பிரண்ட் போரில் இறந்தார். ஆய்வு முழுசாக முடியாமலே 1915-ல் கட்டுரை வெளியானது. மூன்று பெயரில் ஒருவர் அப்போது உயிரோடு இல்லை.

இன்னொரு வேடிக்கை பாருங்க. இவர் பட்டம் வாங்கியது கிரேக்க, லத்தீன் இலக்கியத்திலும் தத்துவத்திலும். அறிவியலில் பட்டமே கிடையாது!

1922-ல் கண்டது ஹால்டேன் விதி. இரண்டு இனங்கள் கலந்து பிறக்கும் முதல் தலைமுறையில் ஒரு பால் மட்டும் மலடாகவோ அரிதாகவோ போனால், அது பெரும்பாலும் இரு வேறு பால் குரோமோசோம்கள் உள்ள பாலாகவே இருக்கும். இமயமலைப் பக்கம் யாக்கையும் மாட்டையும் சேர்த்தால் பிறக்கும் காளை மலடு, கிடேரி சினை பிடிக்கும். பறவைகளில் இது தலைகீழ், பெட்டைதான் பாதிக்கப்படும். அந்தக் கட்டுரையைப் பல வருஷம் யாரும் பெரிதாகச் சீண்டவில்லை. 1980-களில் புதிய இனங்கள் எப்படித் தோன்றுகின்றன என்ற ஆராய்ச்சி சூடு பிடித்த பிறகுதான் அதற்கு மவுசு வந்தது. அப்போது அவர் இறந்து இருபது வருஷம் ஆகியிருந்தது.

இதற்கு நேர்மாறாகவும் ஒன்று உண்டு. ஜீன்களுக்கு இடையிலான தூரத்தை அளக்க 1919-ல் மார்கன் என்ற அலகை முன்வைத்தவர் அவர்தான். மாடு, கோழி எதன் ஜீன் வரைபடம் போட்டாலும் சென்டிமார்கன் இல்லாமல் நடக்காது. ஆனால் அந்தக் கட்டுரையை யார் குறிப்பிடுகிறார்கள்? நாம் வோல்ட் என்று எழுதும்போது வோல்டாவையா மேற்கோள் காட்டுகிறோம்? ஒரு கண்டுபிடிப்பு எல்லோருக்கும் பொதுச்சொத்து ஆகிவிட்டால் சைட்டேஷன் கணக்கில் அது காணாமலே போய்விடுகிறது.

1949-ல் மலேரியாவுக்கும் பரம்பரை ரத்தக் கோளாறுக்கும் தொடர்பிருக்கலாம் என்று எழுதினார். அதே வருஷம் நோயும் பரிணாமமும் பற்றி இத்தாலிய இதழ் ஒன்றின் இணைப்பிலும் எழுதினார். சுலபத்தில் கைக்குக் கிடைக்காத இதழ் அது. ஆனாலும் நோயும் பரிணாமமும் பற்றிய பேச்சில் இன்றும் அந்தக் கட்டுரை தவறாமல் வருகிறது. 1952-ல் நம் நீலகிரிப் பழங்குடியினரிடமே அரிவாள் செல் தன்மை கண்டறியப்பட்டது.

அவரிடம் குறையும் உண்டு. கம்யூனிஸ்ட் பற்றினால், ரஷ்யாவில் லைசென்கோ மரபியலையே நசுக்கியபோது, தெளிவாகக் கண்டிக்காமல் தயங்கினார். எனக்கு அது இன்றும் உறுத்தல்தான்.

1957-ல் மகலனோபிஸ் அழைப்பின் பேரில் மனைவி ஹெலன் ஸ்பர்வேயுடன் கல்கத்தா இந்தியப் புள்ளியியல் கழகத்துக்கு வந்தார். 1961-ல் இந்தியக் குடிமகன் ஆனார். ஜிப்பா போட்டுக்கொண்டு, சைவம் சாப்பிட்டுக்கொண்டு நம்மில் ஒருவராக இருந்தார். விலை உயர்ந்த கருவிகள் இல்லையே என்று ஏங்காதீர்கள், கண்ணெதிரே இருப்பதை எண்ணுங்கள் என்பதே மாணவர்களுக்கு அவர் காட்டிய வழி. அவருடைய மாணவர் ஜெயகர், ஸ்பர்வேயுடன் சேர்ந்து ஆள்காட்டிக் குருவி கூடு கட்டி அடைகாப்பதை ஆராய்ந்தார். நம்மூர் மானாவாரிக் காட்டில் காலடிச் சத்தம் கேட்டதுமே கத்துமே, அதே ஆள்காட்டிதான்.

1962-ல் புவனேஸ்வரம் போய் மரபியல் ஆய்வுக்கூடம் அமைத்தார். மறு வருஷம் அமெரிக்காவில் கார்ஃபீல்ட் சைட்டேஷன் அட்டவணை முறைக்கு முன்னோட்டம் பார்த்தார். அதற்கு எடுத்துக்கொண்ட துறை மரபியல். 1964 டிசம்பர் 1-ல் புற்றுநோயால் ஹால்டேன் மறைந்தார். உயில்படி உடல் காக்கிநாடா ரங்கராயா மருத்துவக் கல்லூரிக்குப் போனது.

இந்தியா வரும்போது அவர் தாம் ஆசிரியராக இருந்த ஜர்னல் ஆஃப் ஜெனடிக்ஸ் இதழையும் கையோடு கொண்டுவந்திருந்தார். சுண்டெலிக் கட்டுரையும் 1922 விதியும் வந்தது அதில்தான். இயற்கைத் தேர்வுக்கு ஓர் இனம் கொடுக்கும் விலை பற்றிய கணக்கை 1957-ல் அதிலேயே வெளியிட்டார். 1968-ல் ஜப்பானின் கிமுரா தம் நடுநிலைக் கொள்கைக்கு அடிப்படையாக எடுத்துக்கொண்டது அந்தக் கணக்கைத்தான். அவருக்குப் பின் ஸ்பர்வே இதழை நடத்தினார். அவரும் 1978-ல் மறைந்தார். 1985 முதல் பெங்களூர் இந்திய அறிவியல் அகாடமி அதை வெளியிட்டு வருகிறது.